பாறைக்கோட்டைக்கு ஒரு தூது

ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேர் தங்களைப் போப்பாண்டவர் என்று சொல்லிக்கொண்ட காலம் அது. அவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நம்பிய பெரியவரைப் பாரிஸ் கைவிட்டதும், அங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரன் நினியனுக்கு இருப்பு கொள்ளாமல் போனது. அவனைப் போல ஊர் திரும்பியவர்கள் சேர்ந்து ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். அதற்குப் பெரியவரிடம் சாசனம் வாங்க, அவர் இருந்த ஸ்பெயினுக்குப் போனவர்களில் நினியனும் ஒருவன். பெரியவர் முன் மண்டியிட்டு, சாகிறவரை உங்கள் பக்கம்தான் என்று சத்தியம் செய்தான். சாசனம் வந்திறங்கிய அன்று ஊரில் மணி ஓயவில்லை.

சில வருஷங்களில் உலகமே புதுப் போப்பாண்டவர் பக்கம் சாய்ந்தது. பெரியவர் ஸ்பெயின் கடலோரத்தில் ஒரு பாறைக்கோட்டைக்குள் தனித்துப்போனார். நாமும் மாறிவிடலாமா என்று தீர்மானிக்க ஆசிரியர்கள் கூடினார்கள்.

"பேசாம கையத் தூக்கிடு," என்றான் நினியன் பக்கத்திலிருந்த ஃபின்லே.

"பட்டம் குடுக்கிற உரிமையே அவர் குடுத்ததுடா."

"குடுத்தாரு, யார் இல்லேன்னா? இப்ப அவர் பேரைச் சொன்னா நம்ம பசங்க பட்டத்தை எவன் மதிப்பான்? முரண்டு பிடிச்சா நீதான் எங்க போவே? பாரிஸ்ல சேர்க்க மாட்டான். இங்கிலாந்துல நம்ம ராஜாவையே பிடிச்சு வச்சிருக்கான்."

நினியன் கடைசி ஆளாகக் கையைத் தூக்கினான். தொலைந்தது, இதோடு விட்டது என்று நினைத்தான்.

"பெரியவருக்கு முறையா சொல்லி அனுப்பணும்," என்றார் தலைமை ஆசிரியர் டத்தக். "வழி தெரிஞ்சவர் நினியன்தான்."

"வேற யாரையாவது அனுப்புங்க ஐயா. அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"இப்பத்தானே கை தூக்கினீங்க? அதையே வாயால சொல்லப் போறீங்க. மாட்டேன்னா, நாளையிலேர்ந்து வகுப்புக்கும் வர வேணாம்."

எதிர்த்து வீசிய கிழக்குக் காற்று அவன் போகவேண்டிய கப்பலைத் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டது. மாலுமிகள் காற்றைத் திட்டினார்கள். நினியன் அது நிற்கக்கூடாதென்று வேண்டினான். சொல்லவேண்டியதை லத்தீனில் ஒத்திகை பார்த்தான். முதல் சொல்லிலேயே சிக்கிக்கொண்டான். போப்பாண்டவரை அழைக்கும் முறைப்படி 'பரிசுத்த தந்தையே' என்றால் எடுத்த தீர்மானம் பொய். அப்படி அழைக்காவிட்டால் செய்த சத்தியம் பொய்.

ஒரு காலை காற்று திரும்பியது. ஃபின்லே ஓட்ஸ் ரொட்டி மூட்டையோடு வந்தான். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"அவரை என்னன்னுடா கூப்பிடுவேன்?" என்று கேட்டான் நினியன்.

ஃபின்லே மூட்டையை அவன் கையில் கொடுத்தான். மேல்தளத்திலிருந்து கப்பல்காரன் அதட்டினான். நினியன் ஏறினான்.