தமிழ்வாணியின் போஸ்டர்

எத்தனை குடம் ஊற்றிக் குளிப்பாட்டியும் செத்துப்போன தங்கை தமிழ்வாணியின் காலடியில் தண்ணீர் சிவப்பாகவே ஓடியது. நாலு பெண்கள் பிடித்திருந்த சேலை மறைப்புக்குள் குனிந்திருந்த சரண்யாதேவி, இன்னொரு குடம் கேட்டாள்.

"வெளிய யாரும் கேட்டா காய்ச்சல்னு சொல்லு," என்றாள் தமிழ்வாணியின் மாமியார். "மானத்தோட வாழுற குடும்பம்."

சரண்யா தங்கையின் காலைத் தேய்த்துக் கழுவினாள். முந்தாநாள் தங்கை கக்கூசுக்குள் ஒளிந்து, 'ரத்தமாப் போகுதுக்கா' என்று போன் பண்ணிய குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒன்று; மூன்றாவது வேண்டாம் என்றிருந்தாள் தமிழ்வாணி. அதில் வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் வாடிப்பட்டியே சிரிக்கும் என்று, மெயின்ரோட்டு மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. மாதத் தூரம்போல அப்படித்தான் போகும் என்றார்கள். திருநகரிலிருந்து சரண்யா போனில் தொண்டை கிழியக் கத்திய பிறகே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்தார்கள். காளவாசல் சிக்னலில் மூச்சு நின்றது. வண்டியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள்.

தண்ணீர் கொண்டுவந்த எதிர்வீட்டுத் தங்கப்பொண்ணு குடத்தைக் கொடுக்காமல் சரண்யாவின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, அதே மாத்திரைய நானும் வாங்கி ஒளிச்சு வச்சிருக்கேன். இன்னும் திங்கல."

"திங்காத. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போ."

"வெளிய தெரிஞ்சா கொன்னுருவாகக்கா."

சரண்யாவுக்கு அழுகை போய் ஆத்திரம் வந்தது. செத்தவளுக்குச் செய்ய இனி என்ன இருக்கிறது? இவள் உயிரோடு நிற்கிறாளே.

மதுரைப் பக்கம் காது குத்தினாலும் கண்ணை மூடினாலும் போஸ்டர் இல்லாமல் ஆகாது. தமிழ்வாணி புருசனின் அண்ணன் பேயாண்டி வந்து நின்றான்.

"ஏம்மா, நல்ல போட்டோ உங்கிட்டதான இருக்கு. போஸ்டர் அடிக்கிற மருதுக்கு அனுப்பிவிடு. உடல்நலக்குறைவால்னு போடச் சொல்லு. ஊரு பூரா ஒட்டணும், ஆமா."

"ஒட்டிருவோம்," என்றாள் சரண்யா.

போட்டோவும் வாசகமும் அனுப்பிய கொஞ்ச நேரத்தில் மருது கூப்பிட்டான்.

"தங்கச்சி, வாசகம் இதானா? சரியாப் பாத்துக்கம்மா."

"ஒரு எழுத்து மாத்தாம அடிங்கண்ணே."

மருது அதை முணுமுணுத்து ஒருமுறை வாசித்துப் பார்த்தான். பிறகு, "மருந்துக்கடைச் சுவத்துலயும் ஒட்டவா?" என்றான்.

"அங்க ரெண்டா ஒட்டுங்க."

சாயங்காலம் பாடை கட்டும்போது ஊர் முழுக்கத் தமிழ்வாணி சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: 'கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் ரகசியமாக வாங்கித் தின்று, ரத்தம் போய்ச் செத்தாள் எங்கள் தமிழ்வாணி. பெண்களே, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சட்டம் இருக்கிறது. புருசன் கையெழுத்துகூட வேண்டாம். இப்படிக்கு, அக்கா சரண்யாதேவி.'

"குடும்ப மானத்தைச் சுவத்துல ஒட்டிட்டியேடி!" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அந்த மானத்தக் காப்பாத்தத்தான அத்தே, இவள வீட்டுக்குள்ளயே போட்டு வச்சீக? இப்ப அவ வெளிய வந்துட்டா."

பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான். "வாடா, எல்லாத்தையும் கிழிச்சுட்டு வருவோம்," என்று தம்பியைக் கூப்பிட்டான்.

மனைவியின் தலைமாட்டில் இருந்த ராஜபாண்டி எழுந்திருக்கவில்லை. "மாத்திரை வாங்கியாந்தது நாந்தாண்ணே," என்றான். "ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கட்டும்."

அவனைப் பார்க்க சரண்யாவுக்கு இரக்கம் வரவில்லை. பிள்ளையை மட்டும் அவன் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பால் ஊற்றி முடிந்ததும், தங்கையின் கைக்குழந்தையோடு சரண்யா பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். தங்கப்பொண்ணு ஒரு கட்டைப்பையில் மாற்றுச் சேலையோடு அங்கே முன்னமே நின்றுகொண்டிருந்தாள்.

"நானும் வாரேன்க்கா."

எதிரே மருந்துக்கடை பாதிக் கதவை இறக்கியிருந்தது. நிறுத்தத்துச் சுவரில் பசை சரியாகப் பிடிக்காத போஸ்டரின் ஒரு மூலை காற்றில் எழும்பியது. மதுரை பஸ் வந்து நின்றது. தங்கப்பொண்ணு அந்த மூலையை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏறினாள்.