மச்சினன் வீட்டுக் குண்டு பல்பு

வாலிகண்டபுரத்தில் ஒரு தெரு முழுக்க எல்.இ.டி. பல்பு எரிகிறதென்றால், அதற்குச் சிங்காரவேலுவின் வாய்தான் காரணம். மனுஷன் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. தன் வீட்டில் கரண்ட் பில் குறைந்ததைப் பார்த்ததிலிருந்து, வீடு வீடாகப் போய்க் குண்டு பல்பைக் கழற்ற வைத்தார். மசியாத ஒரே ஆள் மச்சினன் ராஜராஜன். "பல்பு மாத்தக்கூட மனசு வராத கஞ்சப்பய" என்று சிங்காரவேலு அவனை டீக்கடையில் நாலு பேர் முன்னால் கிண்டலடித்ததில், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

ஒரு மழைநாள் சாயங்காலம் சிங்காரவேலுவின் மனைவி இருசம்மாளின் தாய்க்கோழியைக் கீரி பிடித்துக்கொண்டு போனது. முந்தின நாள் பொரித்த குஞ்சுகள் குளிரில் கத்தின.

"நீ ஏன் அழுவுற? நான் இருக்கேன்ல!" பண்ணையில் பல்பு போட்டுத்தானே குஞ்சு வளர்க்கிறார்கள்? சிங்காரவேலு கூடைக்குமேல் ஒரு எல்.இ.டி.யைத் தொங்கவிட்டார். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. அதைவிடப் பெரிதாக ஒன்றை மாட்டினார். கூடை கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. கத்தல் மட்டும் நிற்கவில்லை.

இருசம்மாள் பல்புக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தாள். "வெளிச்சம் இருக்கு, சூடு எங்கங்க இருக்கு? குண்டு பல்புதான் வேணும். விடியறதுக்குள்ள அத்தனையும் விறைச்சிப் போயிடும்."

அடக் கடவுளே, அதற்கு எங்கே போவது? தெருவில் இருந்ததையெல்லாம் குப்பையில் போட வைத்தவரே அவர்தானே! கடைக்காரரும் இப்போது அதை வாங்கி வைப்பதில்லை. மிச்சம் ஒரே வீடு. அங்கே போய் நிற்க அவருக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. ஆனால் குஞ்சுகளின் கத்தலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கூடையிலிருந்த எல்.இ.டி.யைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு நடந்தார்.

ராஜராஜன் வாசலில் நின்றான். "என்ன மாமா, கஞ்சப்பய வூட்டுக்கு வழி தெரிஞ்சிதா?"

"நான் பேசுனது தப்புதான் மாப்ள. உங்கக்கா கோழிக்குஞ்செல்லாம் குளுருல சாவுது. அந்தக் குண்டு பல்பைக் குடு."

அவன் உடனே உள்ளே போனான். துண்டால் பிடித்துச் சுடச்சுடக் கழற்றிக் கொடுத்தான். வீடு இருட்டானது.

அந்த இருட்டில் சிங்காரவேலுவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "இருட்டுலயா உக்காந்திருப்ப? இந்தா, இதை மாட்டு."

அவன் தலையிலடித்துக்கொண்டு சிரித்தான். மாட்டவும் செய்தான்.

கூடையில் மஞ்சள் வெளிச்சம் விழுந்த கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் அடங்கி, பரவிப் படுத்தன. இருசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தம்பி என்னங்க சொன்னான்?"

"எல்.இ.டி.க்கு மாறிட்டான்" என்றார் சிங்காரவேலு.