பொழுது சாயுமுன் ஆடும் ஆட்டம்

தேம்சு ஆற்றுக்குத் தெற்கே, மின்னூர்திகள் மணியொலித்துச் செல்லும் மிச்சம் என்னும் நகர்ப்புறத்தில், ஐப்பசித் திங்களின் இளவெயில் செங்கல் வீடுகளின் புகைபோக்கிகளைத் தடவி, உதிர்ந்த இலைகள் மூடிய புல்வெளியிற் படிந்து, போரால் ஊரிழந்து வந்தோரின் தமிழ்ச் சங்க அரங்கின் சாளரங்களைப் பொன்னாக்கிய மாலை வேளை அது. புத்தாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒன்று. தொல்குடிக் கலைவிழா எடுத்த அச்சங்கத்தின் அழைப்பையேற்று, அமெரிக்க நாட்டு ஓக்லகோமாவிலிருந்து காடோ என்னும் தொல்குடியினர் சிலர் வந்திருந்தனர்.

மண்மேடுகளைக் குன்றென எழுப்பி, புல்லால் உயர்ந்த வட்ட இல்லங்கள் வேய்ந்து, மட்கலங்களிற் சுருள்சுருளாய் அழகு கீறி வாழ்ந்த அம்மக்கள், பிறந்த மண்ணினின்று பெயர்க்கப்பட்டும் தம் வரலாற்றைத் துறந்திலர். அவ்வரலாறு அவர்தம் வான்கோழி ஆட்டத்துப் பாடல்களில் வாழ்கின்றது. ஆடவர் முழவறைந்து பாட, மகளிர் ஆடுவர். கதிரவன் மறையுமுன் ஆடி முடித்தாக வேண்டும், மறைந்தபின் ஆடலாகாது என்பது மாறா மரபு. "பொழுது படுமுன் ஆடி முடிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு" என்று குழுவின் மூத்தவரான எடித்து அம்மையாருக்கு உறுதி தந்து அழைத்தவள், சங்கச் செயலாளர் தவமலர்.

ஆனால் அன்பரே, நம்மவர் விழா குறித்த வேளையில் நடந்ததுண்டோ? விளக்கேற்றல், வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்தியவர்க்கு நன்றியுரை என நீண்டு, நிறைவாகச் சங்கத் தலைவர் கணேசலிங்கம், விருந்தினர்க்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையைத் தம் தோளிலேயே இட்டுக்கொண்டு ஒலிவாங்கியைப் பற்றினார். உடும்புப்பிடிதான்!

"ஐயா, பொழுது படப்போகுது. கெதியா முடிக்க ஏலாதோ?" என்று தவமலர் மேடையருகே சென்று கெஞ்சினாள்.

"ஓம் பிள்ளை, ஓம். இன்னும் இரண்டு வார்த்தைதான்" என்றவர், காடோ மக்களின் மண்மேட்டிலிருந்து கரிகாலனின் கல்லணைக்குத் தாவினார்.

சாளரத்துப் பொன் சிவக்கக் கண்ட தவமலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தலைவர் மனம் புண்படுமே என்று தயங்கினாள். கடல் கடந்து வந்தவர் ஆடாமலே திரும்புவதை எண்ணினாள். எடித்து அம்மையாரிடம் சென்று அவர் கைபற்றி, "வாருங்கள், புல்வெளிக்குப் போவோம்" என்றாள்.

வெளியே முழவு அதிர்ந்தது. அவ்வளவுதான்! வடை தின்றுகொண்டிருந்தோரும் தட்டோடு எழுந்தோடினர். கூந்தலிற் கட்டிய பட்டு நாடாக்கள் முதுகில் வழிந்து அசைய, காடோ மகளிர் வட்டமிட்டு ஆடினர். ஆளில்லா அரங்கில் சற்று நேரம் முழங்கிய தலைவர், சினந்த முகத்தோடு வெளியே வந்தார்.

ஆட்டத்தின் இறுதியில் மகளிர் ஆடவரைத் துணைக்கு அழைப்பர். மறுப்பவன் தான் அணிந்த ஒன்றை இழக்க வேண்டும். எடித்து அம்மையார் நேரே கணேசலிங்கத்தின்முன் கை நீட்டினார்.

"ஐயோ, எனக்கு முழங்கால் நோ, ஆட ஏலாது!"

"அப்ப ஐயா, நீங்கள் போட்டிருக்கிறதில ஒண்டு குடுக்கோணும். அது அவையின்ர முறை" என்றாள் தவமலர்.

அம்மையார் சிரித்தபடி அவர் தோளிலிருந்த பொன்னாடையை உருவித் தம் தோளிற் போர்த்திக்கொண்டார். கூட்டம் கைகொட்டி ஆர்த்தது. திகைத்து நின்ற தலைவர், "அட, அதைத் தரத்தானே இவ்வளவு நேரமாக் கதைச்சனான்!" என்று வாய்விட்டுச் சிரித்து, நோவை மறந்து வட்டத்துள் புகுந்தார். தவமலர்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முழவின் இறுதி அறை ஓயவும், கதிரவன் புகைபோக்கிகளின் பின்னே மறையவும் சரியாயிருந்தது. மண்ணிழந்த இரு குடியினர் ஒரே வட்டத்தில் மூச்சிரைத்து நின்ற அம்மாலையில், எஞ்சிய உரையை எவரும் கேட்கவில்லை. பொன்னாடை மட்டும், போய்ச்சேர வேண்டிய தோளிற் கிடந்து குளிர் போக்கியது.