பெயர் பொறித்த கடிகாரம்

குராமோச்சியிடம் பழைய கைக்கடிகாரங்கள் நாற்பத்தொன்று இருந்தன. நாற்பத்தொன்றின் முதுகிலும் யாரோ ஒருவர் பெயர் பொறித்திருந்தது. குராமோச்சியின் பெயர் மட்டும் எதிலும் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் நகோயா நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்த்தவருக்கு, ஓய்வு பெற்ற அன்று கொடுத்தது ஒரு பூந்தொட்டி. அதிலிருந்த செடியும் அடுத்த கோடையில் வாடிப்போனது.

அந்தக் காலத்துக் கம்பெனிகள் பத்து வருஷம், இருபது வருஷம் உழைத்தவனுக்குக் கைக்கடிகாரம் கொடுக்கும். பின்மூடியில் அவன் பெயரும், அப்போதைய சக்கரவர்த்தியின் ஷோவா ஆட்சிக் கணக்கில் வருஷமும் இருக்கும். சேகரிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் ஆகவே ஆகாது. பாலிஷ் சக்கரத்தில் பிடித்து வழித்துவிட்டு, புதுசு மாதிரி மினுக்கி வைத்துக்கொள்வார்கள். குராமோச்சிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊரான் வீட்டுப் பெயர்ப்பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குடியேறுகிற புத்தி அது என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக்கடையில் கூடும் கடிகாரக் கூட்டத்தில் ஒருத்தரோடு இதற்காகவே வாய்ச்சண்டை முற்றி, இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

தினமும் காலையில் ஒன்றை எடுத்துச் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வார்.

"இன்னைக்கு யாரு வந்திருக்கா?" என்பாள் மனைவி நோபுயே.

"ஷிராகி சான். ரயில்வேல சிக்னல் பாத்தவர்."

"என் பேரு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"பின்மூடில பொறிச்சுக் குடுத்தா இருக்கும்."

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். மனுஷனுக்கு ஓர் ஆசை இருந்தது. என்றைக்காவது இந்தப் பெயர்களில் ஒன்றைத் தேடிக்கொண்டு ஒரு மகனோ மகளோ வாசலில் வந்து நிற்க வேண்டும். அவர் கடிகாரத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் நாற்பத்தொன்றையும் படம் பிடித்து, பெயரோடு இணையத்தில் போட்டு வைத்திருந்தார். பதினோரு வருஷத்தில் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. போன வாரம்தான் யாய்ஸு என்ற மீன்பிடி ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தொகாஷி கென்சோ என் அப்பா என்றாள்.

இன்று அவளே நேரில் வந்திருந்தாள்; பெயர் மிட்சுயே, அறுபது வயது இருக்கும். ஊரிலிருந்து கறுப்பு மீன் அடை ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். உட்கார்ந்ததும் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"போன மாசம் அம்மா தவறிட்டாங்க. நாப்பத்தொம்பதாம் நாள் அஸ்தியைக் கல்லறைல வைக்கணும். அப்பா இடம் காலியாத்தான் கிடக்கு. ஷோவா அம்பதுல, எனக்குப் பத்து வயசு, சின்னப் படகை எடுத்துகிட்டுத் தனியா மீன் பிடிக்கப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கிச்சு. உடம்பு கிடைக்கல. தொப்பியை வச்சுத்தான் அடக்கம் பண்ணினாங்க அம்மா."

"அடப் பாவமே" என்றாள் நோபுயே.

"ம்" என்றார் குராமோச்சி. காதில் விழுந்ததா என்பது சந்தேகம். கண் கடிகாரப் பெட்டியின் மேலேயே இருந்தது. கை பரபரத்தது.

"கடிகாரமும் கையோட கடலுக்குப் போயிடுச்சுன்னுதான் அம்மா சொல்லுவாங்க. உங்க படத்தைப் பாத்ததும்தான் புரிஞ்சுது. குடிக்கக் காசில்லாம முன்னாடியே எங்கயோ அடகு வச்சிருக்கார். அம்மாகிட்ட சொல்லப் பயம்." அவள் லேசாகச் சிரித்தாள். "அதுவும் நல்லதாப் போச்சு. எலும்புக்குப் பதிலா இதையாவது அம்மா பக்கத்துல வைக்கலாம். என்ன விலைன்னாலும் சொல்லுங்க ஐயா."

"விலையா? இது உங்க வீட்டுப் பொருளும்மா."

பதினோரு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். கொஞ்சமும் பிசகாமல் வந்தது.

மிட்சுயே கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். 'பத்தாண்டு உழைப்பிற்கு. தொகாஷி கென்சோ. ஷோவா 45.' எழுத்துகளை விரலால் தடவினாள். கண் நிறைந்துவிட்டது. குராமோச்சிக்கு இதற்காகத்தானே இத்தனை நாள் என்று இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடிகாரப் பைத்தியம் எவனும் பின்மூடியைத் திறந்து காட்டாமல் விருந்தாளியை அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை.

"இருங்க, உள்ளதான் விசேஷமே" என்று வாங்கி, சின்னக் கத்தியால் மூடியை நெம்பினார். "ரிப்பேர் பண்றவங்க ஒவ்வொரு தடவை எண்ணெய் போடறப்பவும் மூடிக்குள்ள ஊசியால வருஷத்தையும் கொண்டுவந்த ஆள் பேரையும் கீறி வைப்பாங்க. வெறும் கண்ணுக்குத் தெரியாது." லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். "நாப்பத்தெட்டு, தொகாஷி. அம்பத்து மூணு, தொகாஷி."

"என்னங்க" என்றாள் நோபுயே. கையிலிருந்த கோப்பையை ணங்கென்று வைத்தாள்.

"இரு. அம்பத்தெட்டு, தொகாஷி. பாத்தீங்களா? அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, தவறாம. எவ்வளவு பொறுப்பான மனுஷன் உங்க அப்பா."

அவர் லென்ஸை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்பத்து மூணா?" என்றாள் மிட்சுயே.

ஷோவா ஐம்பதில் படகு கரை ஒதுங்கியது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது.

"கீறல் தேஞ்சு கிடக்கும்மா. நாப்பத்து மூணா இருக்கும்."

"கடிகாரமே நாப்பத்தஞ்சுல குடுத்ததுன்னு பின்னால போட்டிருக்கே."

"வேற யாராவது தொகாஷி..."

"அதைக் குடுங்க ஐயா."

லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"அம்பத்து மூணுல அம்மா மீன் ஆலைல ரெண்டு ஷிப்ட்டு பாத்தாங்க. எனக்கு யூனிபார்ம் மாமா பொண்ணோட பழசு. அம்பத்தெட்டுல நானும் அதே ஆலைக்குப் போய்ட்டேன். ஆஸ்பத்திரில படுக்கிற வரைக்கும் தினம் முதல் சோறு அவர் படத்துக்குத்தான். ஆறினப்புறம் எடுத்து அம்மா சாப்பிடுவாங்க." நிறுத்தினாள். "அவருக்குக் கடிகாரத்துக்கு எண்ணெய் போடணும்னு மட்டும் ஞாபகம் இருந்திருக்கு."

நோபுயே அவள் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"இந்த ரெண்டு வருஷத்துக்கும் பக்கத்துல ஏதோ முக்கோணம் மாதிரி இருக்கே, அது கடையோட குறியா? எந்த ஊர்?" என்று கேட்டாள் மிட்சுயே.

முக்கோணத்துக்குள் ஒரு கோடு. குராமோச்சியின் சொந்தப் பெட்டியிலேயே ஏழு கடிகாரங்களில் அந்தக் குறி உண்டு.

"தெரியலம்மா. இந்த மாதிரிக் குறி ஆயிரம் இருக்கும்."

நோபுயே அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இதை அழிக்க முடியுமா?" என்றாள் மிட்சுயே.

"மூடிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். இதை இப்படியே அம்மா பக்கத்துல வைக்க மாட்டேன். வைக்காமயும் இருக்க முடியாது. கடிகாரம் கிடைச்சிடுச்சுன்னு சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் சொல்லிட்டேன். சித்திங்க அழுதாங்க."

பெயரை வழிக்கிறவனை அவர் திட்டாத திட்டு இல்லை. அதெல்லாம் இப்போது வாய்வரை வந்தது. வந்த வழியே விழுங்கிக்கொண்டு, இழுப்பறையிலிருந்து நைசான உப்புத்தாளை எடுத்தார். முதலில் ஐம்பத்தெட்டு. மெல்லிய கீறல்தான், பத்துத் தேய்ப்பில் போய்விட்டது. பிறகு ஐம்பத்து மூன்று. இரண்டு வருஷங்களோடு தொகாஷி என்ற பெயரும் சாம்பல் தூளாக வெள்ளைத் துணியில் உதிர்ந்தது.

தாளை மிச்சமிருந்த நாற்பத்தெட்டுக்கு நகர்த்தினார்.

"அது இருக்கட்டும்" என்றாள் மிட்சுயே. "அந்த வருஷம் அவர் எங்க வீட்ல இருந்தார்."

மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்திக் கொடுத்தார். அவள் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். வாசலில் மூன்று முறை குனிந்து நன்றி சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆசைப்பட்ட காரியத்தை இப்படி நாசம் செய்துகொண்டோமே என்று தன்மீதே வெறுப்பாக வந்தது.

நோபுயே தொடாத கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள்.

"அந்தக் கடை உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் துணியிலிருந்த தூளைத் தட்டாமல் அப்படியே மடித்தார். "ஹமாமட்சு. ஸ்டேஷனுக்கு எதிர்ல இருந்துது."

"யாய்ஸுலேர்ந்து எவ்வளவு தூரம்?"

"ரயில்ல ஒரு மணி நேரம்."