வளைவில் காட்டிய கை

அந்த வியாழக்கிழமை மாலை முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர்: ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், அவர் மனைவி, அவர்களுடைய மகன், மருமகள், சைக்கிள் குழுவின் தலைவர், இடது கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டிருந்த பல் டாக்டர். இவர்களைத் தவிர அங்கே ஈ எறும்பு கூட இல்லை.

குழுத் தலைவருக்குத் தொழில் வீட்டுமனைத் தரகு. குழுவில் அவருக்குப் பெயர் கேப்டன். கப்பலும் கிடையாது, படையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உடம்பைப் பிடிக்கும் கால்சட்டையில், பின்னால் பத்துப் பேர் தொடர, புறநகரைச் சுற்றி வருகிறவருக்கு இந்தப் பட்டம். பெரியவருக்கு அதை வாயால் சொல்லவே கூசியது. "வாங்க" என்று மட்டும் சொன்னார். உட்காரச் சொன்னது அவர் மனைவி.

இந்தக் கூட்டத்தை அவர் என்றைக்குமே மதித்ததில்லை. சைக்கிள் என்பது வேலைக்குப் போக, கடைக்குப் போக. இவர்களோ சைக்கிளைக் காரின் முதுகில் கட்டிக்கொண்டு கால்வாய்க்கரை வரை போகிறார்கள். அங்கே இறக்கி ஓட்டுகிறார்கள். மறுபடி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று கேட்டால் எங்கேயும் இல்லை. கால்வாய்க்கரையில் நகராட்சி போட்ட தார்ப்பாதை, அது முடிந்ததும் கிடங்குகளின் பின்புறச் சாலை, ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து ஒரு வளைவு, ஏரிக்கரை, தண்ணீர்த் தொட்டி மேடு, இறங்கினால் மறுபடி அதே கால்வாய். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர ஒரு வரைபடம். அதில் துண்டு துண்டாகப் பெயர் வைத்து, எந்தத் துண்டில் யார் வேகம் என்று ஒரு போட்டி. காற்று தடுக்கிறதாம், அதற்காகக் கால் மயிரை வேறு மழித்துக்கொள்கிற ஆண்பிள்ளைகள்.

அந்த வரைபடத்தைப் போட்டது தன் மருமகள் என்பது அவருக்கு நெஞ்சில் முள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. கை சுத்தம், பேச்சு சுத்தம். அப்படிப்பட்டவள் ஞாயிறு காலையில் அந்த உடுப்பில் வெளியே வரும்போது, பெரியவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வார். உறவுக்காரர்களிடம் "காலையில நடக்கப் போறா" என்று சொல்லி வைத்திருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். குழுவுக்கு முன்னால் போனது மருமகள். அவளுக்குப் பின்னால் பல் டாக்டர். அவருக்குப் பின்னால் கேப்டன். முன்னால் இருப்பவரின் முதுகை ஒட்டி ஓட்டுகிறவர்கள் என்பதால் பாதை யாருக்கும் தெரியாது, முதுகுதான் தெரியும். அதனால் கையால் சைகை காட்டுவது அவர்கள் வழக்கம். விரலால் கீழே குத்தினால் பள்ளம். உள்ளங்கையை விரித்துத் தாழ ஆட்டினால் மணல். பார்த்தவர் அதையே தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் காட்ட வேண்டும். ரயில் பாலத்து வளைவில் மணல் கொட்டிக் கிடந்தது. மருமகள் தாண்டிப் போய்விட்டாள். பல் டாக்டர் சறுக்கி விழுந்து தோள் எலும்பில் விரிசல். அந்தத் தோளுக்குப் படம் எடுத்தவளும் மருமகள்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழு புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு முழுச் சுற்றும் போகிறது. முன்னால் போவது மருமகள் என்று முன்பே பேசி முடித்தது. அதை மாற்றத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

கேப்டன் காப்பியை ஊதிக்கொண்டே நூல் விட்டுப் பார்த்தார். "பெரிய விஷயமா ஒண்ணுமில்ல சார். எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி. ஞாயித்துக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி, எல்லார் முன்னாடியும், சிக்னல் காட்ட மறந்துட்டேன்னு இவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். முன்னால நான் போயிக்கறேன்."

"குடும்பமா?" என்றார் பெரியவர். "எந்த வழியில?"

அவர் மனைவி இருமினாள். கேப்டன் சிரித்துவைத்தார்.

"காட்டினேன்," என்றாள் மருமகள். குரல் உயரவில்லை. "அன்னைக்கே சொன்னேன். காட்டினேன்."

"அப்ப எனக்கு ஏன் தெரியல?" என்றார் பல் டாக்டர். "நான் ரோட்டத்தானே பாத்துட்டு வந்தேன்? கண்ணு என்ன பாக்கெட்லயா இருந்துச்சு?"

மகன் இதுவரை வாயில் தண்ணீர் வைத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தான். இப்போதுதான் விழுங்கினான். "விடுப்பா. ஒரு சாரிதானே. சொல்லிட்டுப் போகட்டும். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எதுக்கு..."

பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். இவனை எதற்காகப் படிக்கவைத்தோம் என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. அவர் வீட்டில் செய்யாத தப்புக்கு இதுவரை யாரும் தலைகுனிந்ததில்லை. செய்த தப்புக்குக் குனிந்தது உண்டு, அது வேறு. அந்த உடுப்பு அவருக்குப் பிடிக்காது. அந்தப் பாதை பிடிக்காது. ஆனால் அவள் இந்த வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் நடுவில், கால்வாய்க்கரையில் நின்று, ஒரு தரகன் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒப்பிக்க வேண்டுமாம்.

"காட்டினியாம்மா?" என்று ஒரு முறை கேட்டார்.

"காட்டினேன் மாமா."

அதற்குமேல் அவளிடம் அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை. கேப்டன் பக்கம் திரும்பினார்.

"நீங்க மூணாவது. இவ கையை நீங்க பாத்தீங்களா?"

"எப்படி சார் தெரியும்? எனக்கு முன்னாடி டாக்டர் முதுகுதான்."

"டாக்டர் உங்களுக்குக் கை காட்டினாரா?"

"இல்லையே. அதான் சொல்றேன். அவருக்கு வந்திருந்தா எனக்குக் காட்டியிருப்பாரு."

"வந்தும் அவர் பாக்காம இருந்திருந்தா?"

கேப்டன் காப்பியைக் கீழே வைத்தார். அந்தப் பக்கமே அவர் யோசித்திருக்கவில்லை. யோசிக்காததற்குக் காரணம் அவர் முதுகிலேயே இருந்தது. குழுவில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் வாங்கிக் கொடுத்தவர் பல் டாக்டர். ஒவ்வொரு பனியனின் முதுகிலும் அவருடைய கிளினிக் பெயர், அதற்குக் கீழே சிரிக்கிற ஒரு பல். ஊரெல்லாம் அந்தப் பல்லைச் சுமந்து திரிகிற கூட்டம், அந்தப் பல்லின் சொந்தக்காரரை எப்படிக் குற்றம் சொல்லும்?

"ரயில்வேயில," என்றார் பெரியவர், "சிக்னலைத் தாண்டிப் போன டிரைவர் எல்லாருமே முதல்ல சொல்றது, சிக்னல் இல்லைன்னுதான்."

"இது ரயில் இல்ல சார்," என்றார் பல் டாக்டர். "வேகம் தெரியாம பேசறீங்க. இங்க கண்ணிமைக்கிற நேரம்தான். நான் சும்மா வரல. விழறதுக்கு முன்னாடி என் வேகம் என்ன தெரியுமா? முப்பத்தெட்டு புள்ளி நாலு! அந்தத் துண்டுல இந்த வருஷம் யாரும் தொடல. வளைவு வரைக்கும் அதே வேகம்தான், இன்னும் ரெண்டு மிதி, கேப்டனோட சாதனை காலி."

"அப்படியா?" என்றார் கேப்டன் தன்னை மறந்து. "என்கிட்ட சொல்லவேயில்லையே?"

"தோள் உடைஞ்சதுல எங்க சொல்ல?"

பெரியவர் அவர்களைப் பேசவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "முப்பத்தெட்டு புள்ளி நாலுன்னு எங்க போட்டிருந்தது டாக்டர்? ரோட்டுலயா?"

"கைப்பிடியில சின்னத் திரை இருக்கே, அதுல..."

பல் டாக்டரின் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. தன் தொழிலில் எத்தனையோ பேரை வாய் திறந்தபடி உட்காரவைத்தவர், இப்போது தானே அப்படி உட்கார்ந்திருந்தார்.

"அது வீட்டுக்கு வந்தப்புறம்..." என்று ஆரம்பித்தார்.

"இன்னும் ரெண்டு மிதின்னீங்களே. அதையும் வீட்டுக்கு வந்தப்புறமா கணக்குப் போட்டீங்க?"

மருமகள் சிரிக்கவில்லை. சிரித்தது பெரியவரின் மனைவி. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போவதுபோல எழுந்து, போகாமல் கதவோரமே நின்றுகொண்டாள்.

"சரி," என்றார் பெரியவர். "எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லணும்னீங்க. நல்ல யோசனைதான். ஞாயித்துக்கிழமை சொல்லுங்க. அவ கை காட்டியிருக்கா, டாக்டர் நம்பரைப் பாத்துட்டு வந்தாரு, அதனால விழுந்தாரு. இவ்வளவுதான். ஒரு எழுத்து கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

கேப்டன் பல் டாக்டரைப் பார்த்தார். பனியனை நினைத்தாரோ, தன் சாதனையை நினைத்தாரோ, "சொல்றேன் சார்" என்றார்.

பெரியவர் மருமகளிடம் திரும்பினார். வென்ற இடத்தோடு விலகுவதுதான் கௌரவம் என்பது அவர் கணக்கு. "அவர் சொல்லி முடிச்சதும் நீ திரும்பி வந்துடும்மா. இந்த மாதிரி ஆளுங்களுக்கு முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம். நமக்கு இது தேவையில்ல."

"இல்ல மாமா," என்றாள் மருமகள்.

அந்த அறையில் அவரிடம் வீட்டார் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னது கிடையாது. மகன் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தான்.

"வழி நான் போட்டது. எந்த இடத்துல மணல், எந்த இடத்துல லாரி திரும்பும்னு எனக்குத் தெரியும். புது ஆளுங்க வர்றாங்க. இவர் முன்னால போனா அவங்களையும் மணல்லதான் கொண்டுபோய் விடுவாரு." கேப்டனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் வந்துட்டா, தப்பு பண்ணினதாலதான் போயிட்டான்னு பேசுவாங்க. முன்னால நான்தான் போவேன். உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். அதுக்காக நிறுத்த மாட்டேன்."

அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாகப் பெரியவர் அவளை நேருக்கு நேர் பார்த்தார். முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டில் அப்படி உட்காருகிற ஆள் தான் ஒருவர்தான் என்று இத்தனை வருஷம் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மகனிடம் தேடிக் கிடைக்காதது வேறு வீட்டிலிருந்து வந்த பெண்ணிடம் இருந்தது. அவருக்கு அது பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"போ," என்றார். "ஆனா உன் முதுகுக்குப் பின்னால இந்த டாக்டர் வரக் கூடாது. கண்ணை வேற எங்கயோ வெச்சுக்கிட்டு வர்ற ஆள், எலும்பு கூடின பிறகும் கடைசியில வரட்டும்."

"இது ரொம்ப ஓவர்," என்று பல் டாக்டர் எழுந்தார். "நான் யாருன்னு தெரியுமா? அந்தக் குழுவே என் பனியன்லதான் ஓடுது!"

"பனியனை நாளைக்குத் துவைச்சு அனுப்பிடறோம்," என்றாள் பெரியவரின் மனைவி, கதவோரத்திலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் கால்வாய்க்கரையில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பாதியைத் தரையைப் பார்த்தும் மீதியைத் தண்ணீரைப் பார்த்தும் சொன்னாராம். மருமகள் வேறொரு சட்டையில் முன்னால் போனாள். அன்று காலை அவள் வெளியே வந்தபோது பெரியவர் பேப்பரை உயர்த்தவில்லை. உறவுக்காரர்களிடம் இப்போது "சைக்கிள் ஓட்டப் போயிருக்கா" என்றே சொல்கிறார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு கிடையாது. எதிராளிக்கும் சிரிக்கத் தைரியம் வருவதில்லை.

வியாழக்கிழமை மாலை பெரியவர் பல் டாக்டரின் கன்னத்தில் அறைந்துவிட்டார் என்று கால்வாய்க்கரையிலிருந்து ஏரிக்கரை வரை ஒரு பேச்சு ஓடுகிறது. அறையவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார்.