ஐம்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே

சந்தீப் தன் கிட்டாருக்காகக் கையாலேயே செய்த ஈக்வலைசர் பெட்டியை, புனே வேலைக்குக் கிளம்பும்போது அக்கா பத்மஜாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு பிஸ்கட் டின், அதற்குள் சர்க்யூட், மேலே ஏழு ஸ்லைடர்கள். ஒவ்வொரு ஸ்லைடரும் ஓசையின் ஒரு பகுதியை மட்டும் கூட்டும், குறைக்கும். கிட்டாருக்கென்று செய்ததால் அதன் அடிமட்டம் நூறு ஹெர்ட்ஸோடு நின்றிருந்தது. பத்மஜா வாசிப்பதோ பேஸ் கிட்டார். அதன் தடித்த கம்பி அதற்கும் கீழே, நாற்பத்தொரு ஹெர்ட்ஸில் முழங்கும்.

"கடைசி ஸ்லைடரோட ரெண்டு கெப்பாசிட்டரையும் ரெண்டு மடங்கு பெருசா மாத்திடுக்கா. நூறு அம்பதா இறங்கிடும்," என்று போனில் சொன்னான்.

பகலில் சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை அவளுக்கு. வாரக் கடைசியில் மேக்னாவின் இசைக்குழுவில் பேஸ். பதினோரு வருடமாக அதுதான் அவள் உயிர். உள்ளூர்ச் சாந்தினி சௌக் கடைத்தெருவில் கெப்பாசிட்டர்கள் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். பெட்டியை இணைத்து, ஸ்லைடரை மேலே தள்ளி வாசித்தாள். தகரத்தைச் சுரண்டுவது போல் இருந்தது. அடிநாதம் இல்லை.

அடுத்த ஞாயிறு எல்லா இணைப்புகளையும் மறுபடி பற்றவைத்தாள். அதற்கடுத்த வாரம் நான்கு மடங்கு பெரிய கெப்பாசிட்டர்கள் போட்டாள். கம்பிகளை மாற்றினாள். ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். ஒன்றும் பலிக்கவில்லை.

ஜாதவ்பூரில் நடந்த ஒத்திகையில், டிரம் வாசிக்கும் மேக்னா பாதிப் பாட்டில் குச்சிகளைக் கீழே வைத்தாள். "பத்மா தீதி, பேஸ் ரொம்ப அதிகம். என் டிரம் எனக்கே கேட்கவில்லை," என்று வங்காளத்தில் சொன்னாள். தன்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று பத்மஜாவுக்குப் பட்டது. கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து, கீழ்வீட்டு வயதான அம்மாள் மாஷிமா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். அலமாரியிலிருந்த கண்ணாடிக் கிண்ணம் அதிர்ந்து அதிர்ந்தே கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். மாஷிமாவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள் பத்மஜா.

நவராத்திரிப் பூஜை விடுமுறைக்குச் சந்தீப் வந்தான். அவன் பையை இறக்கி வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"உன் சர்க்யூட்டே சரியில்லடா. என்ன பண்ணினாலும் கீழ்ச் சத்தம் வரல."

"கணக்குப்படி வரணுமேக்கா. எங்க, வாசி பார்ப்போம்."

தடித்த கம்பியைச் சுண்டினாள். சந்தீப் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பாய்ந்துபோய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். ஜன்னல் கம்பிகள் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தன.

"அக்கா, இது உனக்குக் கேக்கலையா?"

"எது?"

சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றைப் போனில் திறந்து அவள் முன் பிடித்தான். ஆம்ப்ளிஃபயரைத் திரும்பப் போட்டு, மறுபடி சுண்டச் சொன்னான். திரையின் இடது ஓரத்தில் ஒரு பச்சைத் தூண் உச்சிவரை எழுந்து நின்றது. பத்மஜா எட்டி ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது அவள் கையை உதைத்தது. காதில் விழுந்ததெல்லாம் நகம் கம்பியில் பட்ட ஓசைதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன வருடம் ஆட்டோவில் தலை சுற்றி விழப்போனது நினைவுக்கு வந்தது. காதில் பஞ்சடைத்த மாதிரி இருந்ததற்கு ஆபீஸ் ஏசியைக் குறை சொன்னாள். பொங்கலுக்கு வந்த அப்பாவின் கனத்த குரல் மெலிந்து கேட்டபோது, அவருக்கு வயதாகிவிட்டது என்று வருத்தப்பட்டாள். அவர் குரலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அலிப்பூரில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்தார். உள்காதில் நீர் அழுத்தம், முதலில் தாழ்ந்த ஒலிகளைத்தான் பறிக்கும், இரண்டு காதிலும் தொடங்கிவிட்டது என்றார். உப்பைக் குறைக்கச் சொல்லி மாத்திரை எழுதினார். சிலருக்குக் கேட்கும் திறன் திரும்ப வரும் என்றார். எனக்கு வருமா என்று கேட்டாள். பார்ப்போம் என்றார். இரண்டு மாதம் உப்பில்லாமல் சாப்பிட்டாள். இரண்டாவது சோதனையில் கேட்கும் திறனைக் காட்டும் கோடு இன்னும் கீழே இறங்கியிருந்தது.

மேக்னாவிடம் சொன்னபோது, அவள்தான் அழுதாள். பத்மஜாவுக்கு அழுகை வரவில்லை. "பிப்ரவரி நிகழ்ச்சிக்கு வேற ஆள் பாரு" என்று மட்டும் சொன்னாள். அக்‌ஷயா என்ற கல்லூரிப் பெண் கிடைத்தாள். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்தவள். பெட்டியை அவளுக்கே கொடுத்துவிடுவதென்று பத்மஜா முடிவு செய்தாள்.

"அப்படியே குடுத்துடுக்கா, அந்தப் பொண்ணு பார்த்துக்கட்டும்," என்றான் சந்தீப் போனில்.

"தப்பா இருக்கிறதை எப்படிடா குடுக்கிறது?"

காதை நம்பிப் போட்ட பெரிய கெப்பாசிட்டர்களைப் பிடுங்கி எறிந்தாள். காகிதத்தில் கணக்குப் போட்டு, முதலில் தம்பி சொன்ன அளவிலேயே வைத்தாள். தன் போனில் இறக்கிக்கொண்ட அதே ஆப்பில் பச்சைத் தூண் ஐம்பதில் எழுந்து நின்றதும் டின்னை மூடித் திருகினாள்.

நிகழ்ச்சியன்று கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். அக்‌ஷயா பெட்டியின் சுவிட்சைக் காலால் அழுத்தியதும் முன்வரிசைகள் ஆர்ப்பரித்தன. மேக்னா சிரித்தாள். பத்மஜாவுக்குப் பாட்டு கேட்டது, டிரம் கேட்டது. அக்‌ஷயாவின் விரல்கள் ஓடின. அவற்றிலிருந்து சின்னச் சின்ன டிக் டிக் மட்டும் வந்தது.

முடிந்ததும் அக்‌ஷயா வியர்வையோடு ஓடிவந்தாள். மேக்னா அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது.

"அக்கா, சவுண்ட் எப்படி இருந்துச்சுங்க? கடைசி ஸ்லைடர் கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"தெரியலம்மா. எனக்குக் கேக்கல."

"ஐயோ, ரொம்பப் பின்னாடி நின்னுட்டீங்களா? அங்கெல்லாம் பேஸ் சரியா வராதுங்க."

அந்தப் பெண்ணின் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"ஆமா," என்றாள் பத்மஜா. "பின்னாடி நின்னுட்டேன்."