நீலச் சேலைக்கு வெளியே ஒரு கால்

நீலச் சேலைக்கு வெளியே ஒரு கால் மட்டும் தொங்குகிறது, காற்றில் லேசாக ஆடுகிறது, நான் கலவைச் சட்டியைத் தலையில் வைத்தபடி பார்க்கிறேன், சாரத்துக் கம்பில் கட்டிய தூளிக்குள் என் பவளம் தூங்குகிறாள், இல்லை, இது மயிர் மூடிய கால், கூடைக்குள் கிடப்பது பூனை, பவளம் வளர்ந்து இந்தப் பெரிய வீட்டில் தங்கி வேலை பார்க்கிறாள், பொங்கலுக்கு அவளைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன், பூனைக்கு மெத்தையாகக் கிடப்பது அதே தூளிச் சேலை.

நான் எப்புடிம்மா வர்றது, மேடம் வெளியூரு போயிருக்காங்க, நான் இல்லன்னா இந்தப் பூன லட்டு சோறு தண்ணி தொடாது என்கிறாள், என் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டைப் பெட்டியில் கத்தியால் வட்டமாக வாசல் அறுக்கிறாள், வெளியவே போகாத பூனைம்மா, ஒளிஞ்சிக்க ஒரு இருட்டு வேணும், ஏறி உக்கார ஒரு உசரம் வேணும், வெயில் காய ஒரு சன்னல் வேணும், ஏண்டி, ஒரு பூனைக்கு இத்தன எடமா, உன்ன நான் சிமெண்ட் சாக்குல போட்டுல்ல வளத்தேன், அதான் தெரியுதே, இன்னும் சொரசொரன்னு கெடக்கேன், சிரித்துக்கொண்டே கொலுசு குலுங்க மீன் வாங்கப் போய்விட்டாள், மீனும் எனக்கில்லை, அதற்குத்தான்.

பூனைமேல் போய்ப் பொறாமைப்படுவார்களா, நான் பட்டேன், இப்படிப்பட்ட மாடிகளுக்கெல்லாம் மணலும் ஜல்லியும் சுமந்திருக்கிறேன், ஒன்றிலாவது எனக்கென்று ஒரு மூலை இருந்ததா, எழுந்துபோய்ச் சேலையை உருவினேன், பூனை உருண்டு விழுந்து சோபாவுக்கடியில் ஓடியது, சோப்பைப் போட்டுக் கும்மித் துவைத்தேன், மயிரெல்லாம் போகட்டும், என் சேலை, என் பிள்ளை படுத்தது, பால்கனி வலையில் விரித்துப் போட்ட பிறகுதான் கை ஆறியது.

பவளம் திரும்பியபோது பூனை கத்திக்கொண்டிருந்தது, அரை ஈரச் சேலையை எடுத்துக் கூடையில் போட்டாள், அது முகர்ந்தது, பின்வாங்கியது, மறுபடி கத்தியது, அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், எதுக்கும்மா தொவச்ச, இங்க வந்ததுலேருந்து அதத் தலைக்கு வச்சித்தான தூங்குறேன், உன் வாசம் போயிருமுன்னு தண்ணியிலயே போடல, இதுவும் அந்த வாசத்துக்குத்தான் வந்து ஒட்டிக்கிச்சு.

என்னைத்தான் துவைத்துப் போட்டுவிட்டேனா, சேலையை எடுத்துக் கட்டியிருந்ததன் மேலேயே சுற்றிக்கொண்டேன், சன்னல் வெயிலில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டினேன், ஃபேன நிறுத்துடி என்றேன், எதுக்கும்மா, வேர்க்கட்டும், பொங்கலுக்கு நான் இங்கயே கெடக்கேன், பானைய இங்கயே வைப்போம்.

கழுத்தில் வேர்வை இறங்குகிறது, சோப்பு வாசம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கிறது, முதலில் பூனைதான் வந்தது, மடியில் ஏறி முன்கால்களால் என் வயிற்றைப் பிசைந்து சுருண்டது, பவளம் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவள் மூக்கு விடைத்தது, நகருடா, இது எங்கம்மா, அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தலையை வைத்தாள், முந்தானையை இழுத்து இருவரையும் மூடினேன், சாரம் ஆடுகிறது, யாரோ கலவை கேட்டுக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்திருக்கப்போவதில்லை, நீலச் சேலைக்கு வெளியே ஒரு கால் நீண்டு கிடக்கிறது, வெள்ளிக் கொலுசு போட்ட கால்.